சளியில் கிருமி இல்லை என்று வந்தால் டி.பி. இல்லை என்று அர்த்தமா? (எச்.ஐ.வி. உள்ளவருக்கு)

கேள்வி, மார்ச் 2, 2025

என் தாய்மாமாவுக்கு 44 வயது. எச்.ஐ.வி. இருப்பது போன மாதம்தான் தெரிய வந்தது. சி.டி.4 எண்ணிக்கை, அதாவது எதிர்ப்புச் சக்தி அணுக்கள், 61. ஒரு மாதத்துக்கு மேலாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை மளமளவென்று இறங்குகிறது. இருமல் பெரிதாக இல்லை. சளி இரண்டு தடவை கொடுத்தோம், இரண்டுமே நெகட்டிவ். எக்ஸ்ரேயிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை என்கிறார்கள். டி.பி. இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

மார்ச் 2, இரவு

இருக்க முடியாது தம்பி. நான் அரசு ஆஸ்பத்திரி டி.பி. லேபில் டெக்னீஷியன், சளி ஸ்லைடு பார்ப்பதே என் வேலை. அந்த வேலையில் இருப்பதால்தான் சொல்கிறேன், சி.டி.4 61 இருக்கிற ஒருவருக்கு மைக்ராஸ்கோப்பில் நெகட்டிவ் என்று நான் எழுதிக் கொடுக்கிற சீட்டை வைத்து யாரும் நிம்மதி அடையக்கூடாது.

காரணம் இதுதான். மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தென்பட வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழும், அந்தக் குழியில் கிருமி லட்சக்கணக்கில் பெருகும், இருமினால் வெளியே வந்து விழும். குழி விழுவதற்கு உடம்பின் எதிர்ப்பும் வேண்டும், கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையில்தான் அந்த இடம் சிதைந்து குழியாகிறது. சி.டி.4 இவ்வளவு இறங்கியவருக்கு அந்தச் சண்டையே நடப்பதில்லை. குழி இல்லை, சளியில் கிருமி கம்மி, எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியும். ஆனால் கிருமி நுரையீரலைத் தாண்டி நெறிக்கட்டி, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, மூளை உறை என்று எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். எச்.ஐ.வி. எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சளி ரிசல்ட் நல்லதாக வரும். இதைவிட மோசமான ஏமாற்று வேறு இல்லை.

முதலில் அந்த இரண்டு நெகட்டிவும் எதில் பார்த்தது என்று கேளுங்கள். மைக்ராஸ்கோப்பிலா, சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் மெஷினிலா? மெஷின் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது, மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும், டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் கூடவே சொல்லிவிடும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எடுத்த எடுப்பிலேயே மெஷினில்தான் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். கேட்டு எழுதுங்கள்.

இருமல் இல்லையே என்றும் யோசிக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரிடம் கேட்பது நாலே கேள்வி: இருமல் (ஒரு நாள் என்றாலும்), காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலே பரிசோதனை. உங்கள் மாமாவுக்கு மூன்று இருக்கிறது.

மார்ச் 3, காலை

சளி எடுக்கிற விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது பாதிதான். லேபுக்கு வருகிற டப்பாவில் நிறைய எச்சில்தான் இருக்கும். தண்ணீர் மாதிரி, நுரை நுரையாக, டப்பாவைச் சாய்த்தால் ஓடும். அதில் தேடி என்ன பயன்? சளி என்றால் கெட்டியாக இருக்கும், சாய்த்தால் மெதுவாக நகரும், நடுவில் மஞ்சளாகவோ பச்சையாகவோ திட்டு தெரியும். ஸ்லைடு போடும்போது அந்தத் திட்டைத்தான் குச்சியால் எடுத்துத் தேய்ப்போம். சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, நீலம் ஊற்றிக் காயவைத்து, எண்ணெய் விட்டுப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள், சில சமயம் லேசாக வளைந்து, இரண்டு மூன்று சேர்ந்து. நூறு இடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தும் ஒன்றுகூட இல்லையென்றால்தான் நெகட்டிவ் எழுதலாம்.

அதனால் காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் ஆட்கள் இல்லாத பக்கம் போய், இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். தொண்டையைக் காறி எடுப்பது வேறு, நெஞ்சிலிருந்து வருவது வேறு. வரவே இல்லையென்றால் உப்புத் தண்ணீரை நெபுலைசரில் வைத்து மூச்சில் கொடுத்துச் சளியை வரவைப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மார்ச் 3, மதியம்

இடையில் காய்ச்சலுக்கு என்று வெளியே மாத்திரை எதுவும் வாங்கினீர்களா? பெயர் லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின், இப்படி 'ஃப்ளாக்சசின்' என்று முடிந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும். பத்து நாள் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும், பரிசோதனையிலும் கிருமி மாட்டாது, அப்புறம் முழு வேகத்தில் திரும்பி வரும்.

மார்ச் 4

'எக்ஸ்ரேயில் தெரியாது என்றால் எதற்கு எடுக்க வேண்டும்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்ல வரவில்லை, எக்ஸ்ரே அவசியம். வழக்கமான இடத்தில் வழக்கமான உருவில் தேடுகிறவருக்குத்தான் அது சுத்தமாகத் தெரியும். சி.டி.4 குறைந்தவருக்குக் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் படலம், மூச்சுக்குழல் பிரிகிற இடத்தில் நெறிக்கட்டி வீக்கம், நெஞ்சுக்கூட்டில் நீர், அல்லது இரண்டு பக்கமும் கம்பு தூவின மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். கடைசியாகச் சொன்னது ஆரம்பத்தில் மிக மங்கலாக இருக்கும், அனுபவம் உள்ள நெஞ்சக நோய் டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்டுபிடிப்பார். படத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று. கழுத்து, அக்குள் தடவிப் பார்த்தீர்களா? கட்டி இருந்தால் ஊசி குத்தி நீர் எடுத்து மெஷினில் போடலாம். சிறுநீரில் பார்க்கிற லாம் பட்டை ஒன்று இருக்கிறது, கர்ப்பம் பார்க்கிற பட்டை போல, ஒரு சொட்டு விட்டால் அரை மணிக்குள் கோடு தெரியும். சி.டி.4 குறையக் குறைய அது நன்றாக வேலை செய்கிறது, இந்த நோயில் அப்படிப்பட்ட பரிசோதனை அபூர்வம். எல்லா ஊரிலும் கிடைக்காது, எச்.ஐ.வி. மருந்து (ஏ.ஆர்.டி.) தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் விசாரியுங்கள்.

மார்ச் 6

மூச்சு வாங்குகிறது என்று வேறொருவர் தன் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார், வறட்டு இருமல், உட்கார்ந்திருந்தால் ஆக்சிஜன் 95, மாடி ஏறினால் 86. ஐயா, இதை இழையில் வைத்துப் பேச நேரமில்லை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்தால் ஆக்சிஜன் இப்படி விழுவது நியூமோசிஸ்டிஸ் என்கிற பூஞ்சை நிமோனியாவாக இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர் நுரையீரலில் டி.பி. மட்டும் வருவதில்லை, இந்தப் பூஞ்சை வரும், சாதாரண பாக்டீரியா நிமோனியா அடிக்கடி வரும், சில சமயம் இரண்டு ஒன்றாகவே இருக்கும். பூஞ்சைக்கு மருந்து பழைய கோட்ரைமாக்சசோல்தான், ஆனால் அளவு மிகப் பெரியது, 21 நாள், ஆக்சிஜன் குறைவாக இருந்தால் ஸ்டீராய்டும் சேர்த்து. வீட்டில் இருந்தபடி செய்கிற வைத்தியம் இல்லை.

அதே மாத்திரையைச் சி.டி.4 350-க்குக் கீழே உள்ளவர்களுக்கு தினம் ஒன்று என்று வருமுன் காக்கவும் கொடுக்கிறார்கள். 'வெறும் சல்ஃபா மாத்திரைதானே' என்று பலர் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

மார்ச் 8

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: முதல் இரண்டும் மைக்ராஸ்கோப்தான், இப்போது உப்பு நெபுலைசர் வைத்து எடுத்த சளி சி.பி.நாட்டில் பாசிட்டிவ், 'மிகக் குறைவு' என்று போட்டிருக்கிறது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. நல்லது, ஆள் கையில் மாட்டிவிட்டது. ஆனால் 'மிகக் குறைவு' என்றால் லேசான டி.பி. என்று வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சளியில் கிருமி குறைவு, அவ்வளவுதான். உடம்பில் எவ்வளவு என்று அந்தத் தாள் சொல்லாது. மருந்தும் அளவும் காலமும் எல்லாருக்கும் உள்ளதுதான்: நாலு மருந்து இரண்டு மாதம், மூன்று மருந்து நாலு மாதம், தினமும், எடைக்குத் தக்கபடி. 35-லிருந்து 49 கிலோ வரை மூன்று மாத்திரை, 50-லிருந்து 64 வரை நாலு. எடை ஏறினால் மாத்திரையும் ஏறும், அதனால் மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரிஃபாம்பிசினால் வருவது, பயம் வேண்டாம். கை கால் எரிச்சல், மரத்துப்போவது வராமல் இருக்கப் பைரிடாக்சின் தருவார்கள். கண் மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ எதாம்புட்டால் என்கிற டி.பி. மருந்து காரணமாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். வாந்தி, பசியே இல்லை, கண் மஞ்சள் என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள். சாராயம் இந்த ஆறு மாதம் அறவே கூடாது.

மார்ச் 9, இரவு

இப்போது நான் உண்மையில் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன், இது என் வீட்டில் நடந்தது.

2011-ல் என் அண்ணனுக்கு இதேதான். காய்ச்சல், சளி நெகட்டிவ், எக்ஸ்ரே 'நார்மல்'. பக்கத்து ஊர்த் தனியார் டாக்டர் ஒருவர் டைஃபாய்டு என்றார், மேலே சொன்ன ஃப்ளாக்சசின் கொடுத்தார், விட்டது, வந்தது, மறுபடி கொடுத்தார். கடைசியில் காதுக்குக் கீழே கண்டமாலை கட்டியது. அதில் ஊசி குத்தி எடுத்த ஸ்லைடை நானே பார்த்தேன். சளியில் தேடித் தேடிக் கிடைக்காதது அங்கே கொத்துக் கொத்தாக இருந்தது. டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள், காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார், இரண்டு வாரம் கழித்து ஏ.ஆர்.டி.யும் ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம்தான் வினை. ஏ.ஆர்.டி. தொடங்கிச் சில வாரத்தில் கழுத்துக் கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிப் பழுத்துவிட்டது, 103 காய்ச்சல். அண்ணி அழுதுகொண்டே மாத்திரை டப்பாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டார், இந்தப் புது மருந்துதான் கொல்கிறது என்று. உறவுக்காரர் எல்லாரும் அதையே சொன்னார்கள். நடந்தது நேர் எதிர். ஏ.ஆர்.டி. வேலை செய்து எதிர்ப்புச் சக்தி எழுந்துவிட்டது, எழுந்ததும் அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த டி.பி. கிருமியை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தாக்கியது. ஐரிஸ் என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். சி.டி.4 50-க்குக் கீழே ஆரம்பித்தவர்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள். டாக்டர் கட்டியிலிருந்து சீழ் எடுத்து, மருந்துக்கு மசியாத டி.பி. இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்டீராய்டு கொடுத்தார். இரண்டு மருந்தையும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. அண்ணன் இன்றைக்கும் காலையில் மாடு பிடித்துக்கட்டுகிறார்.

தம்பி, உங்கள் மாமாவுக்கும் இது வரலாம், வராமலும் போகலாம். வந்தால் வீட்டில் யாரும் டப்பாவைத் தூக்கி வைக்காமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வீட்டில் எல்லாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

மார்ச் 10

'டி.பி.யை முடித்துவிட்டு ஏ.ஆர்.டி. ஆரம்பிக்கலாமே, ஈரல் தாங்குமா' என்று ஒருவர். நியாயமான பயம், முன்பு டாக்டர்களே அப்படித் தள்ளிப்போட்டார்கள். கம்போடியாவில் 661 பேரை வைத்து ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டார்கள், சி.டி.4 நடுநிலை 25, அவ்வளவு மோசமான நிலையில் இருந்தவர்கள். டி.பி. மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களில் 18 சதவீதம் இறந்தார்கள், எட்டு வாரம் தள்ளித் தொடங்கியவர்களில் 27 சதவீதம். ஐரிஸ் சீக்கிரம் தொடங்கியவர்களுக்குத்தான் அதிகம் வந்தது, ஆனாலும் உயிர் பிழைத்தவர்கள் அவர்களில்தான் அதிகம். மூளை உறையில் டி.பி. என்றால் மட்டும் கணக்கு வேறு, அங்கே வீக்கம் வந்தால் ஆபத்து, அதனால் நாலிலிருந்து எட்டு வாரம் பொறுப்பார்கள். மாமாவுக்குத் தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம் இருந்தால் ஏ.ஆர்.டி. தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 10, கொஞ்சம் கழித்து

முக்கியமான ஒன்று. இப்போது தருகிற ஏ.ஆர்.டி. மாத்திரையில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதை உடம்பிலிருந்து சீக்கிரம் விரட்டிவிடும். அதனால் டி.பி. மருந்து ஓடுகிற வரைக்கும் 12 மணி நேரம் கழித்துத் தனியாக 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், டி.பி. மருந்து முடிந்தும் இரண்டு வாரத்துக்கு. டி.பி. மாத்திரை ஒரு இடத்தில், ஏ.ஆர்.டி. இன்னொரு இடத்தில் வாங்குகிறவர்களுக்கு இது விட்டுப்போக வாய்ப்பு உண்டு, இரண்டு இடத்திலும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். சத்து மாத்திரை, இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சல் மருந்து எல்லாம் டொலுடெக்ராவிரோடு சேர்த்துப் போடக்கூடாது, எவ்வளவு இடைவெளி என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 13

தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம் என்று தம்பி எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. டி.பி. தட்டில் பரவாது. எச்.ஐ.வி.யும் தட்டில் பரவாது. இருமும்போது காற்றில் பரவுவதுதான் டி.பி., அதற்கு வேண்டியது ஜன்னலைத் திறப்பதும் முதல் சில வாரம் மாஸ்க் போடுவதும்தான். மருந்து சாப்பிடுகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்துச் சொன்ன ஊரே நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் ஆய்வு மையத்தில், இன்றைக்கு என்.ஐ.ஆர்.டி. என்கிறோமே அதுதான், 193 நோயாளிகளைப் பாதிப் பேரை சானடோரியம் என்கிற டி.பி. ஆஸ்பத்திரியிலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஒண்டுக் குடித்தனத்தில் நெருக்கி வாழ்ந்த ஏழைகள், சாப்பாடும் மட்டம். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்தவர்களுக்கும் சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட அதிகமாக ஒட்டவில்லை. மருந்து தொடங்கும் முன்னால் ஒட்டியதுதான் ஒட்டியது. உலகமெங்கும் சானடோரியங்களை மூட அந்த ஆய்வும் ஒரு காரணம்.

மாமாவுக்குப் பாயைத் திருப்பிக் கொடுங்கள்.

மார்ச் 13, இரவு

அந்த மையத்தையே பேசியாயிற்று, ஒன்று சேர்த்துவிடுகிறேன். அண்ணன் காலத்தில் டி.பி. மருந்து வாரம் மூன்று நாள்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு தினமும் கொடுத்தால் நல்லதா என்று அதே என்.ஐ.ஆர்.டி. ஆய்வு செய்தது, தினசரிதான் மேல், விட்டு விட்டுக் கொடுத்தவர்களிடம்தான் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தலைகாட்டியது. இன்றைக்கு எல்லாருக்கும் தினசரி. 'எங்க சித்தப்பா வாரத்துக்கு மூணு நாள்தானே சாப்பிட்டார்' என்று யாராவது சொன்னால் அது பழைய முறை.

மார்ச் 16

வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து ஊருக்கு அந்தப் பக்கம் போய் மருந்து வாங்குகிறார்கள் என்று படித்தேன். புரிகிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தபோது இருந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தாம்பரம் சானடோரியத்துக்கு மற்ற ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளாதவர்கள் வந்து குவிந்த காலம் ஒன்று உண்டு. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. இப்போது 2017-ல் போட்ட சட்டம் இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. விவரத்தை யாரும் வெளியே சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஒதுக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

டி.பி.யைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது மட்டும் கட்டாயம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தப் பதிவு இருந்தால்தான் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் முதல்தான் 1,000, அதற்கு முன் 500. முட்டை, கடலை, பருப்புக்காவது ஆகும்.

மார்ச் 17

சாப்பாட்டை லேசாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. டி.பி.யில் சாகிறவர்கள் பெரும்பாலும் மருந்து தொடங்கின முதல் இரண்டு மாதத்திலேயே சாகிறார்கள், அவர்களில் நிறையப் பேர் எலும்பும் தோலுமாக வந்தவர்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் தெரிந்ததும் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம் பார்ப்பார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். நிற்க முடியவில்லை, அல்லது ஆக்சிஜன் 94-க்குக் கீழே, அல்லது உடல் நிறைக் குறியீடு 14-ம் அதற்குக் கீழும் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம்பி, மாமாவுக்கு இதெல்லாம் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் 20

பார்த்தார்கள், 42 கிலோ, ஆக்சிஜன் 97, தானே எழுந்து நிற்கிறார், காய்ச்சல் இரண்டு நாளாக இல்லை என்று பதில் வந்திருக்கிறது. ஏ.ஆர்.டி. வருகிற திங்கள்கிழமை. சந்தோஷம்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! குழந்தையை இந்த வாரமே காட்டுங்கள். அந்த வயதில் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், அதனால் அதிகாலையில் வயிற்றிலிருந்து குழாய் வைத்து எடுப்பார்கள், சில இடங்களில் மலத்தையே மெஷினில் போட்டுப் பார்க்கிறார்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு. பெரியவர்களிடமும் அறிகுறி உண்டா என்று கேட்டுவிட்டு, நோய் இல்லாதவர்களுக்கும் அதே போலத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அத்தைக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாயிற்றா? நம்பிக்கை மையத்தில் இலவசம், அவரைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். குழந்தையைக் காட்டப் போகிற அன்றே அதையும் முடித்துவிட்டு வாருங்கள்.